உள்ளது உள்ளபடி

பெருந்துறை தாண்டி, சோளத்தட்டு அறுத்த காட்டில்
கம்பிவேலி போட்டிருந்தார்கள்.
உள்ளே முந்நூறு வண்டி.
தவணை தவறியவர்களிடம் பிடுங்கியது.
கண்ணாடியில் சுண்ணாம்பு எண், சக்கரத்தில் நெருஞ்சி.

கேட்டில் ஒட்டிய தாளில்
ஒரே வரிதான் எனக்குப் புரிந்தது:
‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்.’
கல்யாணத்தின்போதுகூட
இத்தனை நேர்மையாக எவரும் எனக்குச் சொல்லவில்லை.

டோக்கனுக்கு இருபதாயிரம்.
பனியன் பீஸ் மூட்டைகளுக்கு ஆட்டோ வாடகை கொடுத்தே
மூன்று வருடத்தில் ஒரு ஆம்னியைத் தின்றிருக்கிறோம் என்று
கணக்குப் போட்டுக் காட்டியவள் என் மகள்.
லைசென்ஸ் எடுத்துவிட்டுச் சும்மா இருக்கிறாயே என்றவளும் அவள்தான்.

ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.
முடுக்கிப் பார்க்கலாம், பேட்டரி இருந்தால்.
ஒருநாள் கூலிக்கு வந்த அந்தியூர் கபீர்
ஆயில் மூடியைத் திருகி அடிப்பக்கம் பார்ப்பான்,
வெண்ணெய் திரண்டிருந்தால் பேசாமல் நகர்வான்.
காந்தத்தை ஓரம் ஓரமாக வைப்பான்,
ஒட்டாத இடமெல்லாம் பட்டி பார்த்த இடம்.
மீட்டர் நாற்பதாயிரம் என்கிறது,
கிளட்ச் மிதியில் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளக்கிறது.
“முள்ளு பொய் சொல்லுங்க்கா. காலு சொல்லாது.”

நூற்றுப் பதினேழு. வெள்ளை ஆம்னி.
பின்சீட்டைக் கழற்றியிருந்தார்கள்.
மேட்டைத் தூக்கினால் நசுங்கிய பட்டுக்கூடு ஒன்று.
கோபிக்குக் கூடு ஏற்றிப்போன வண்டி,
அந்தப் புழுவாசம் இன்னும் போகவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார்.
கையில் டோக்கன் இல்லை.
“ஏனுங், இதையா பாக்கறீங்க? வேண்டாமுங்.
ரேடியேட்டர் ஒழுகுது. மூணாவது கியர் நிக்காது.
மழைன்னா ஸ்டார்ட்டே ஆகாதுங்.”
எனக்கு மட்டுமா சொன்னார்?
பவானி புரோக்கருக்கும், சேலத்துக்காரர்கள் இருவருக்கும்,
டீ கொண்டுவந்த பையனுக்கும்.

புரோக்கர் பின்கதவைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.
தூக்கிய இடத்தில் அது நிற்காது.
விழுவதற்கு முன்பே, திரும்பிக்கூடப் பார்க்காமல்,
அந்த மனிதர் தோளைக் கொடுத்தார்.

யாருடைய வண்டி என்று
அதற்குமேல் நான் கேட்கவில்லை.
விலை போகாமல் கிடந்தால்
அடுத்த மாத ஏலத்துக்குள் பணம் புரட்டிவிடலாம்
என்று நினைத்திருப்பார் போல.
வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

நாற்பதில் ஆரம்பித்தது.
ஒழுகுகிற ரேடியேட்டருக்கு எவன் கை தூக்குவான்?
நாற்பத்தி ஒன்று. நாற்பத்தி ஒன்று.
நான் தூக்கினேன்.
கபீர் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.
வேலியோரம் நான் பார்க்கவில்லை.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர்: கு. பொங்கியண்ணன், கவுந்தப்பாடி.

குன்னத்தூர் வந்து சேரும்வரை
சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.
மூணாவது கியர் மோர் கடைந்த மாதிரி விழுந்தது.
ஐப்பசி அடைமழையில் ஒரே முடுக்கு.
ஃபில்டர், பிளக், ஃபேன் பெல்ட்,
எல்லாம் தேதி போட்டு மாற்றியிருக்கிறார்;
டேஷ்போர்டு அடியில் பென்சிலில் பொடி எழுத்து.

அவர் சொல்லாமல் விட்ட பழுது ஒன்று உண்டு.
இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது.
யாராவது சுற்றி வந்து
வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும்.
யாருக்காகவோ அவர் அப்படிச் சுற்றி வந்திருக்கிறார்,
எத்தனை வருடமோ.
லீவர் நூற்றுஎண்பது ரூபாய். மாற்றிவிட்டேன்.

தை மாதம் கவுந்தப்பாடிப் பிரிவில் பார்த்தேன்.
பஸ்ஸுக்கு நின்றிருந்தார், பக்கத்தில் ஒரு அம்மா,
இருவருக்கும் நடுவில் மருந்துப்பை.
ஆறு மணிக்குள் பீஸ் இறக்க வேண்டும்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
தலையைச் சாய்த்து இன்ஜினைக் கேட்டார்.

மேடு வந்தது.
மூணாவது போட்டேன்.
நின்றது.