உப்பு நிற்காத உடம்பு

முதலில் மடங்கியவை விரல்கள்தாம்.
பூன் லே முனையத்தில், கதவு மூடும் பொத்தான்மேல்,
கோழிக்கால்போல் சுருண்டு
விரியமாட்டேன் என்றன.
பின்னிருக்கையிலிருந்து ஒருவர்
"ஜாலான்-லா" என்றார்.

பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்த
அன்று மாலையே அழைப்பு:
பொட்டாசியம் இரண்டு புள்ளி நான்கு,
எங்கே இருக்கிறீர்கள்?
அடுத்த நடைக்குப் பேருந்தை எடுக்கப்போகிறேன் என்றேன்.
எடுக்காதீர்கள் என்றது குரல்.

மூன்று மருத்துவர்கள், ஒரே கேள்வி:
யாருக்கும் தெரியாமல் வாந்தி எடுப்பதுண்டா?
மெலியத் தேநீர்? நீர் பிரிய மாத்திரை?
தாதி ஒருத்தி என் கைப்பையைக்
கண்ணாலேயே துழாவினாள்.
இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல
எனக்கே பொய்யாகக் கேட்டது.

இருபத்து நான்கு மணி நேரம்
சொட்டு விடாமல் பிடிக்கச் சொல்லி
பழுப்புக் குடுவை தந்தார்கள்.
கறுப்புப் பையில் கட்டி, குளிர்பெட்டியில்
தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
கதவைத் திறக்கும்போதெல்லாம் செழியன் கேட்டார்:
"இதில் மாவு எது, நீ எது?"

கடைசியில் டாக்டர் குவெக்
தாளில் ஒரு குழாய் வரைந்தார்.
வளைந்து வளைந்து போன கோட்டில்
ஓரிடத்தில் பேனாவை ஊன்றி,
"உப்பைத் திருப்பி எடுக்கும் கதவு இங்கே வேலை செய்யவில்லை.
கிட்டெல்மன்" என்றார்.
எங்கோ ஒரு ரயில் நிலையத்தின் பெயர்போல் இருந்தது.

அப்பா அம்மா சொந்தமா?
ஆமாம், அத்தை மகனைத்தான் கட்டினாள் அம்மா.
ஆளுக்கொரு பிழையைச்
சீர்வரிசையில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

வெளியே காத்திருப்புக் கூடத்தில், சுவர் முழுக்க,
உப்பைக் குறையுங்கள்.
என் கையிலிருந்த சீட்டில் மட்டும்
உப்பைக் கூட்டவும்.
ஊறுகாய்ப் புட்டியின் அடிநீரைக் குடித்ததற்கு,
அசாம்போய்க் கொட்டையை மூன்று நாள் சப்பியதற்கு
வாங்கிய அடிகளை
இனி யாரிடம் திருப்பிக் கேட்பது?

நான்கு மாதம் கழித்துத்தான்
சக்கரத்தைத் தொடவிட்டார்கள்.
காலை நான்கு மாத்திரை, மதியம் நான்கு, இரவு நான்கு.
மெக்னீசியம் வயிற்றைக் கலக்கும்;
எந்த முனையத்தில் கழிப்பறை எத்தனை எட்டு என்பது
எனக்கு மனப்பாடம்.

தங்கை மாதங்கி சோதனைக்கு வரமாட்டேன் என்கிறாள்.
"உனக்கு வந்தால் எனக்குமா?"

நேற்று அவள் வீட்டில் மாங்காய் நறுக்கினாள்.
கரண்டியால் அள்ளி உப்பைப் போட்டாள்.
துண்டுகள் தீர்ந்த பிறகும்
தட்டில் ஒட்டியதை வழித்து வழித்து
நாக்கில் வைத்துக்கொண்டாள், பேச்சை நிறுத்தாமலே.

நான் எதுவும் சொல்லவில்லை.
அவள் விரல்களையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.