வலது கால்

பகலில் நான் பல் செய்கிறேன்.
சாட்ஸ்வொர்த்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மெழுகு, சாந்து, மூக்குக்குள் வெள்ளைத் தூசி.
இருபத்தெட்டையும் நூல் பிடித்து வைத்தால்
எவரும் நம்ப மாட்டார்கள் என்பது
முதல் வருஷமே தெரிந்துவிடும்.
ஒரு கோரைப்பல்லைக் கொஞ்சம் திருப்பி வை,
ஓரத்தில் தேநீர்க் கறை ஒரு கீற்று:
அப்போதுதான் அது வாய்.

இரவில் விமானம்.
இரண்டு இருக்கை, ஒற்றை எஞ்சின், தலைக்கு மேல் இறக்கை,
என்னைவிட நாலு வயது மூத்தது.
விர்ஜினியா தளத்தில், கடலுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே
தார்ப்பாய் போர்த்தி நிற்கும் ஒன்றை
அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரப் பார்க்கிறேன்.
சனிக்கிழமைகளில் தையல் நாடாவோடு போவேன்.
சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் எத்தனை அங்குலம்,
கதவுக் கைப்பிடியில் எத்தனை திருகு,
அதில் எது மட்டும் துரு.
பறக்கக் கற்றுக்கொடுக்கும் புசிசிவே
காபிக் கோப்பையோடு நின்று பார்த்தாள்.
"இதுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

எஞ்சின் சத்தத்துக்கு
மைக்கைக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு
இறக்கைத் தாங்கியில் கட்டிவிட்டேன்.
நாற்பது நிமிஷம் கிடைத்தது,
முப்பது வெறும் கடற்காற்று.

டாங்க் நிரம்பியிருந்தாலும்
பெட்ரோல் முள் கால் பங்கில் தயங்கும். எழுதிவைத்தேன்.
தொண்ணூறு நாட் வேகத்தில் இடது ஜன்னல் சீட்டியடிக்கும்.
அதையும்.
இருக்கையில் எவரோ சிகரெட்டால் சுட்ட ஓட்டை,
அது ஒன்றுக்கே மூன்று ராத்திரி.

மின்சாரம் போகும், அட்டவணை போட்டு, மரியாதையாக.
நான்தான் மறந்துபோவேன்.
உம்கேனி முகத்துவாரத்துக்கு மேல் ஆயிரம் அடியில்
திரை பட்டென்று அணைய,
அடுத்த அறையிலிருந்து அண்ணி:
"சலோஷ்னி, விழுந்துட்டியா?"
"இல்ல, நின்னுட்டேன்."

ஒன்று சொல்லவில்லை.
நான் விமானத்தில் ஏறியதே கிடையாது.
கேப்டவுன் கல்யாணத்துக்குக்கூட பஸ்.
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள், வயிற்றைக் கேளுங்கள்.

ஜூனில், காற்று செத்துக் கிடந்த ஒரு காலை,
புசிசிவே வலப்பக்கம், நான் இடப்பக்கம்.
திராட்டிலை முழுக்கத் தள்ளியதும்
மூக்கு கடலைப் பார்த்து இடது பக்கம் ஓடியது.
"வலது கால்," என்றாள்.
மிதித்தேன்.
"இன்னும். வலது கால். வலது கால், பொண்ணே!"

வீட்டில் இதை நான் எடுத்துவிட்டிருந்தேன்.
மௌஸில் பறக்கிறவர்களுக்குக் கால் எதற்கு என்று
இழுப்பைத் துடைத்து, ஓட்டத்தை நேராக்கி.
நூல் பிடித்து வைத்த இருபத்தெட்டு.

மேலே போனதும் நான் தேடியது
அடிவானத்தை அல்ல, வடக்கே கரும்பையும் அல்ல,
நிறுத்தி வைக்கும் அந்தப் பொத்தானை.
விரல் போன இடத்தில் கதவுக் கைப்பிடி,
நாலாவது திருகு, நான் வரைந்த அதே பழுப்பு.
ஓட்டுவதை அவளிடம் விட்டுவிட்டு
அதைப் பிடித்துக்கொண்டே
உம்கேனி வரை போய்த் திரும்பினேன்.
முள் கால் பங்கில் தயங்கியது.
சிரித்திருப்பேன், பல்லைக் கடித்திருக்காவிட்டால்.

"எப்படி? உன்னுதும் என்னுதும் ஒண்ணா?"
புல்லில் உட்கார்ந்திருந்த எனக்குப்
பதில் வர நேரமாயிற்று.
"உன்னுது நாறுது," என்றேன்.
பெட்ரோல், பழைய ரப்பர்,
அந்த ஓட்டையைப் போட்டவனின் சிகரெட்.

அன்றிரவு மின்சாரம் இருந்தது.
ஃபைலைத் திறந்தேன். நூற்றுப் பதினாறாம் வரியில்
பூஜ்யம். அழித்தேன்.
எவ்வளவு போடுவது?
கெண்டைக்கால் இன்னும் வலித்தது.
அந்த வலிக்கு ஓர் எண் கண்டுபிடிக்க
பன்னிரண்டு முறை ஓடுபாதையில் ஓடினேன்.
பதின்மூன்றாவதில்
மூக்கு சரியாகக் கடலுக்கு ஓட,
மேஜைக்கடியில், மிதிக்க ஒன்றுமில்லாத தரையில்,
என் வலது கால் தானாக முன்னே போனது.