ஏழு ஆடுகள்

ஹார்லிங்கன் துறையில் கடைசிப் படகையும் கட்டியாகிவிட்டது.
காப்பி இயந்திரத்தைக் கழுவித் துடைத்துவிட்டு
பயணிகள் கூடத்தில், இன்னும் ஈரம் காயாத மேசையில்
கணினியைத் திறக்கிறேன்.
நள்ளிரவோடு கதவடைக்கிறார்கள்:
லைடன் பல்கலைக்கழகம், ஆசியவியல்,
ஆய்வு முதுகலை, இரண்டாண்டு.

பெயர்: யெல்த்யே ஹூகெமா. சரி.
மதிப்பெண் பட்டியல், மூன்று முறை ஏற்றி
மூன்று முறையும் தலைகீழாய் நின்றபின், சரி.
பட்டத்துக்கும் இன்றைக்கும் நடுவே
இரண்டாண்டு இடைவெளி. விளக்குக.

விளக்குகிறேன்.
டெர்ஸ்கெல்லிங் தீவுக்குப் போகிறவர்களுக்குக் காப்பி விற்றேன்.
திரும்புகிறவர்களுக்கு சூப்.
அலை பெரிதான நாள்களில்
இரண்டையும் தரையிலிருந்து துடைத்தேன்.

அடுத்தது நோக்கக் கடிதம்.
ஏன் ஆசியா, ஏன் மங்கோலிய மொழி, ஏன் நீ?
நாலு வரைவு எழுதி அழித்தாயிற்று.
'சிறு வயது முதலே' என்று ஒன்று தொடங்கியது.
சிறு வயதில் எனக்குப் பிடித்தவை
உறைந்த கால்வாயும் பக்கத்து வீட்டு நாயும்.
'புல்வெளியின் அழைப்பு' என்றது இன்னொன்று.
எந்தப் புல்வெளியும் என்னை அழைக்கவில்லை.

நிஜம் இது:
பதினேழு வயதில், பல்கலைக்கழகத்தின் அறிமுக நாளில், மழை.
ஜப்பானிய மேசைக்கு வாசல்வரை வரிசை,
கொரிய மேசைக்கு வாசலும் தாண்டி.
மங்கோலிய மேசையில் பேராசிரியர் டெர்க்சன் மட்டும்
தன் பேனாவைத் தானே கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.
எதிரே காலி நாற்காலி. அதை ஒட்டிச் சுவரில்
கணகணவென்று ஒரு ரேடியேட்டர்.
என் சாக்ஸ் நனைந்திருந்தது.

இதையா எழுதுவது?

சமையலறையிலிருந்து சீட்ஸே தலைநீட்டுகிறான்:
"சாக்ஸை விடு. அந்த ஆட்டுக்காரனை எழுது.
ரெண்டு வருஷமா எங்க உயிரை வாங்குறியே, அவனை."

ஆட்டுக்காரன்.
நூலகப் பெட்டியொன்றில், ஒரு வணிகரின் கடன் பேரேடு.
கயிறு பிடித்துக் கிணற்றில் இறங்குவதுபோல
மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து.
லுவ்சான், தேயிலைக்காக, ஏழு ஆடுகள்.
மறு வருஷம் லுவ்சான், ஒன்பது.
அதற்கடுத்து பதின்மூன்று.
வட்டி குட்டி போடும் என்பார்கள்.
இங்கே நிஜமாகவே போட்டது,
நாலு காலும் கம்பளியுமாக.
பிறகு ஒரு பக்கத்தில்
லுவ்சான் என்ற பெயர் மட்டும். எதிரே எண் இல்லை.

கொடுத்துத் தீர்த்தானா? செத்தானா?
இரவோடிரவாகக் கூடாரத்தைச் சுருட்டினானா?
எழுதியவருக்கு மை தீர்ந்ததா, மனம் இளகியதா?

ஆய்வுத் திட்டம் ஆயிரம் சொல் கேட்கிறது.
எனக்கு இருப்பது இந்த ஒரு வெற்றிடம்.
அதைச் சுற்றி மூலங்கள், முறைமை, கால அட்டவணை என்று
வேலி கட்டியிருக்கிறேன்.

இந்நேரம் பார்த்துத் தொலைபேசி மினுங்குகிறது.
கல்விக் கடன் அலுவலகம், மாதாந்திரக் கணக்கு:
ஹூகெமா, முப்பத்தோராயிரத்து நானூறு யூரோ.
போன மாதத்தைவிட ஒரு குட்டி கூடுதல்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சீட்ஸே பயந்துபோனான்.
இன்னும் இரண்டாண்டு படித்தால் மந்தையே ஆகிவிடும்.
நூறு வருஷம் கழித்து யாரோ ஒருத்தி
மழைக்கு ஒதுங்கிய இடத்தில் என் பெயரைக் கண்டு
யோசிக்கட்டும்: கொடுத்தாளா, ஓடினாளா.

பதினொன்று நாற்பது.
பரிந்துரைக் கடிதம் இரண்டில் ஒன்று இன்னும் வரவில்லை.
டெர்க்சன் மறதிக்காரர்.
ஒருமுறை எங்கள் தேர்வையே மறந்தவர்.
நாற்பத்து நாலு. நாற்பத்தாறு.
கப்பல் தன் கயிற்றில் ஒருமுறை முனகுகிறது.
நாற்பத்தேழு: 'பெறப்பட்டது'.
என்ன எழுதினாரென்று எனக்குக் காட்டமாட்டார்கள்.
பேனாவைக் கழற்றி மாட்டிக்கொண்டே எழுதியிருப்பார்.

ஐந்தாம் வரைவு, முதல் வரி:
"வரிசை குட்டையாக இருந்ததால் வந்தேன்."
அழிக்கக் கை போகிறது. அழிக்கவில்லை.
அடுத்த வரியில் லுவ்சானை நிறுத்தினேன்.
அப்புறம் சொற்கள் தாமாக வந்தன, பிழைகளோடு.

அனுப்பு.

திரையில் என் பெயர், எதிரே ஒன்பது இலக்க எண்.
காலை ஏழு மணிப் படகுக்கு
நூற்றிருபது பேர் பதிவு செய்திருக்கிறார்களாம்.
சீட்ஸே விளக்கை அணைக்கிறான்:
"ஆடு கிடைச்சா சொல்லு. சூப் வைக்கலாம்."