தொகுதி நான்கு: ஊசி உடைந்தால்

என் குரலைத் துணிக் குடோனில் வைத்துப் பதிவு செய்தேன்,
ஆளுயர ரோல்களுக்கு நடுவே
செல்போனைப் பிடித்துக்கொண்டு.
பனியன் துணி சத்தத்தைக் குடித்துவிடும்.
பெருமாநல்லூர் ரோட்டு லாரி ஹாரன்கூட
உள்ளே வந்தால் பஞ்சாகிவிடும்.

ஏனுங்க, ஊசி ஒடஞ்சா மொதல்ல மெசினை நிறுத்துங்க.
கைய எடுத்துருங்க.
துண்டெல்லாம் தேடிச் சேக்கோணுமுங்க.
பொறுங்க, தொண்டைல என்னமோ…
ம். எல்லாத் துண்டும் சேந்தாத்தான் புது ஊசிங்க.

அந்த இருமலை வெட்டிவிடுங்கள் என்று எழுதியிருந்தேன்.
கோயமுத்தூர் சாப்ட்வேர்க்காரர்
வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தார்:
மேடம், பதினோரு நிமிசத்துல நூத்திநாப்பது 'ங்க'.
கொறச்சா ஒரு நிமிசம் மிச்சம்.
ஒரே ஒரு 'ங்க'வை எடுத்துப் பார்த்தோம்.
நிறுத்து, என்றது டேப்லெட்.
முதல் நாள் வந்தவளை அதட்ட
லைனில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.
எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.
இருமலும் இருந்துவிட்டது.

எட்டு டேப்லெட். ஒடியாத் தொகுதி வரவில்லை,
பில் பாக்கி.
ஒடிசாப் பெண்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே
தமிழைக் கேட்டார்கள்.
அறுபத்திரண்டு பேர், அறுபத்திரண்டு பச்சை டிக்.
ஆடிட்டுக்கு வந்தவர் திரையைப் படமெடுத்துக்கொண்டார்.
எம்.டி. எனக்கு ஒரு பெட்டி மைசூர்பா கொடுத்தார்.

பாதி தின்றிருந்தபோதுதான்
ஹாஸ்டல் வார்டன் கிருபாவதி சொன்னாள்:
லைட் அணைத்த பிறகு
கட்டிலுக்குக் கட்டில் போகிறதாம் விடை.
மூணு, ஒண்ணு, மூணு, ரெண்டு, கடேசி.
கேள்வியே தேவையில்லை.

வரிசையைக் கலைத்துப் போட்டேன்.
மறுநாள் சேர்ந்த ஒன்பது பேருக்கும்
சராசரி முப்பத்தொன்று.
திரையெல்லாம் சிவப்பு.
மத்தியானம் சாப்பிடப் போகவில்லை.
மூன்று மணிக்கு வரிசையைப் பழையபடியே வைத்தேன்.
மிச்ச மைசூர்பாவை
செக்கிங் டேபிளில் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ராத்திரி ஷிப்ட். நாலாவது லைன்.
ஒரு ஓவர்லாக் மட்டும் நின்றிருந்தது.
அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள்.
சுகந்தி மாஜி, வந்து ஆறு நாள்,
காந்தத்தைத் தரையில் தேய்த்தபடி
முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.
டார்கெட் போகுது, எந்திரி புள்ள,
என்று சூப்பர்வைசர் ரத்தினகிரி கத்தினார்.
அவள் நிமிரவில்லை.
எல்லாத் துண்டும் சேந்தாத்தான் புது ஊசிங்க.

என் குரல்.
என் கோபி இழுவை, அச்சு மாறாமல்.
நடுவில் நிறுத்தி
பொறுங்க, தொண்டைல என்னமோ, என்று
வராத ஒரு இருமலை இருமிவிட்டு
மறுபடி தேடினாள்.
அதுவும் ஒரு படி என்று நினைத்திருக்கிறாள்:
நிறுத்தி, கையெடுத்து, தேடி, இருமி, தேடி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
வந்த சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு துண்டு கிடைத்திருந்தது. முனை இல்லை.
நானும் மண்டியிட்டு
கட்டிங் வேஸ்டைக் கிளறினேன்.
ஒன்றுமில்லை என்று எழுந்து
ஓரடி வைத்ததும்
தரையைக் கீறும் சத்தம்.

என் செருப்படியில் இருந்தது.
எத்தனை நேரமாக என்று தெரியாது.
அப்படியே போயிருந்தால்
கேட்டைத் தாண்டி, ஸ்கூட்டியேறி,
என் வீட்டு வாசல் வரை வந்திருக்கும்.

பிடுங்கி நீட்டினேன்.
வாங்கி, மூன்றையும் பொருத்திப் பார்த்து,
ரெஜிஸ்டரில் வைத்து செலோடேப் ஒட்டி,
நேரம் எழுதி,
என்னை யாரென்று தெரியாமல்
தொகுதியின் முடிவில் நான் சொல்வதை
எனக்குச் சொன்னாள்:

ரொம்ப நல்லாச் செஞ்சீங்க.
அடுத்ததுக்குப் போலாமுங்க.