உப்பு வந்த பெட்டி

ஊபி தொழிற்பேட்டை, நான்காம் மாடி.
சரக்கு லிஃப்ட் கதவு முழுதாகத் திறக்கும் முன்பே
ஃபைசால் கத்துகிறான்:
"அக்கா, இது கல்லா, கட்டடமா?"
பதினொரு பெட்டிகள்.
வரி கட்டிய ரசீதை முதுகில் ஒட்டிக்கொண்டு
பள்ளிக்கூட வரிசை மாதிரி நிற்கின்றன.

வெள்ளிக்கிழமை கண்காட்சி. இன்று செவ்வாய்.

முதல் பெட்டி ஜல்காவ்ன்.
மராத்தி நாளிதழைப் பிரிக்கப் பிரிக்க
அபோஃபிலைட், இளம் பச்சை,
ஐஸ் கச்சாங் கடையில் இன்னும் சீவாத
கட்டி போல.
மூன்றாவதற்கு முனை போயிருக்கிறது.
போன முனை
தனித்தாளில் மடித்துக் கூடவே இருக்கிறது.
அனுப்பியவனுக்கு முன்பே தெரியும்.

ஸ்பெயினிலிருந்து பைரைட்.
சதுரம் சதுரமாக, விளிம்பு பிசகாமல்.
பூமிக்குள் தானாக இப்படி வளர்ந்தது என்றால்
யார் நம்புகிறார்கள்?
"எந்த மெஷின்ல வெட்டினீங்க?"
ஆண்டுக்கு நாலு பேராவது கேட்பார்கள்.
நாலு பேருக்கும் ஒரே பதில்.
நாலு பேரும் அதே சிரிப்பு.

சிட்ரின் கொத்துகளில்
'சூடாக்கிய செவ்வந்திக்கல்' என்றே எழுதி ஒட்டுகிறேன்.
போன வருடம் மேடம் லோ அதைப் படித்துவிட்டு,
"நானும்தான் சூடு பட்டேன்,
எனக்கு விலை ஏறவில்லையே" என்றார்.
வாங்கவும் வாங்கினார்.
கல்லாப்பெட்டி மேல் வைத்தால் பணம் வருமாமே?
தெரியாது என்றேன்.
எனக்கு வந்தது, நூற்றிருபது வெள்ளி.

கடைசிப் பெட்டி, கையளவு.
ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு,
தூக்கமில்லாமல், படத்தைப் பார்த்து மயங்கி,
புத்தி பேசும் முன் விரல் அழுத்தி வாங்கியது.
கலிஃபோர்னியாவில் வற்றிக்கொண்டிருக்கும் ஏரியொன்றின்
ரோஜா நிற உப்பு.
படிக்கட்டுப் படிக்கட்டாய் உள்வாங்கிய
கண்ணாடிக் கனசதுரங்கள்.

வெளியே நவம்பர் மழை.
மாவு விற்கப் போனால் காற்றடிக்கும்,
உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்றவருக்குச்
சிங்கப்பூர் தெரிந்திருக்காது.
தெரிந்திருந்தால்
மாவோடு நிறுத்தியிருப்பார்.

சுவர்மானியில் ஈரப்பதம் எண்பத்தெட்டு.
அரை மணி நேரத்தில் விளிம்பெல்லாம் பளபளக்கிறது.
அழகு கூடுகிறது என்று பார்த்தால்
அழுகிறது.

பக்கத்து யூனிட் ஹொக் செங்,
கேமரா பழுது பார்ப்பவர்,
ஈரம் புகாத அலமாரியைத் திறந்து
இரண்டு லென்ஸ்களை நகர்த்தி இடம் விட்டார்.
"மூணு நாள்தான். உள்ளே ஒழுகினா
லென்ஸுக்கு நீ காசு கொடு."
எண் நாற்பதில் நின்றது.
ஒற்றைக் கண்களுக்கு நடுவே என் உப்பு,
படம் எடுக்க உட்கார்ந்தது போல.

திரும்பி வந்து லேபிள் எழுதினேன்.
பெயர். இடம். நீளம், அகலம். எடை.
விரலில் ஏதோ பிசுபிசுப்பு.
யோசிக்காமல் நக்கிவிட்டேன்.

இது உப்புதானா என்று பார்க்க
எங்கள் தொழிலில் அதுதான் சோதனை.
ஆனால்
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்கிறதே பாஷை,
யாரை நினைப்பது?
விற்றவனின் பில் எண் இருக்கிறது.
விமானத்தின் எண் இருக்கிறது.
முழங்கால் சேற்றில் நின்று
கடப்பாரையால் நெம்பியது யார்?

கேட்டு அனுப்பினேன்.
வியாழன் இரவு, மேசைத்துணிக்கு இஸ்திரி போடும்போது
பதில் வந்தது:
"அந்த வாரம் ரெண்டு பேர் போனாங்க.
ஒருத்தர் ரமீரோ.
இன்னொருத்தர் பேர் ஞாபகமில்லை. ஏன், ஏதாவது உடைஞ்சிருக்கா?"

இல்லை என்று எழுதினேன்.
கடல்பாசிப் பொட்டலங்களிலிருந்து
ஒரு வருடமாய்ச் சேர்த்த சிலிக்கா ஜெல் பைகளை
கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் பரப்பினேன்.
லேபிளில் பொடி எழுத்தில்:
எடுத்தவர்கள், ரமீரோ, இன்னொருவர்.

விலைக்கு இடம் போதவில்லை.
கேட்டால் சொல்வேன்.
மழை விட்டபின்.