அட்டையில் தேதி

பிப்ரவரி மூன்று: ஏழு சொட்டு.
நான்கு: ஒன்பது.
மாம்பழக்கூழ் டின் வந்த பெட்டியைக் கிழித்து
இரவில் சாண்ட்ரோவுக்கு அடியில் தள்ளி
காலையில் இழுத்து எண்ணி
ஓரத்தில் பேனாவால் குறித்துவிட்டுத்தான்
லேபுக்குப் பஸ் ஏறுவேன்.
அங்கும் சொட்டு, தேதி, எண்ணிக்கைதான்.
நிறம் மட்டும் வேறு.

"சிமெண்டுத் தரை கறுத்துப்போச்சு பிரமீளா,
அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவேன்"
என்றார் வீட்டுக்கார முனிரத்தினம்,
மூன்றாவது முறையாக.
கிருஷ்ணகிரியில் மெக்கானிக் கேட்டது பதினோராயிரம்.
காவேரிப்பட்டணத்திலிருந்து
கயிறு கட்டி இழுத்து வருவது
என் பாடாம்.

எஞ்சினை டீசல் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்தேன்.
காய்ந்ததும் முகப் பவுடரைத் தூவினேன்.
என் கல்யாணத்துக்கே இவ்வளவு அப்பியதில்லை.
பத்து நிமிடம் ஓடவிட்டதில்
வெள்ளையில் ஒரு கறுப்பு இறங்கி வந்தது:
வால்வ் கவர் கேஸ்கெட்டில் கொஞ்சம்,
கேம் சீலில் மிச்சமெல்லாம்.

கவரைக் கழற்றினால் டைமிங் பெல்ட்,
எண்ணெயில் ஊறி ஊதி
விரலால் மடக்கினால் பல்லடியில் வெடிப்பு.
இதை நம்பியா
மாதாமாதம் தொப்பூர்க் கணவாயில் இறங்கினேன்,
பின்னால் சிமெண்டு லாரி,
பக்கத்து சீட்டில் தூங்கும் அம்மா?

ஞாயிற்றுக்கிழமை.
வலது சக்கரம் கழன்றுவிட்டது,
ஸ்டாண்டு நிற்கிறது,
எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி, நடுவில் ஒரு பலகை.
கிராங்க் போல்ட் மட்டும்
இருபத்திரண்டு எம்.எம். பிடிவாதம்.
கத்த வந்தவரிடம்
"உங்க போர்வெல் பைப்புல ஒரு துண்டு வேணும்" என்றேன்.
கொண்டுவந்தார்.
"உள்ள ஏறி உக்காந்து பிரேக்கை மிதிங்க."
"நான் கார்ல இந்தப் பக்கம் உக்காந்ததே இல்ல."
"ஓட்டச் சொல்லல."

செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏறினார்.
ஐந்தாவது கியரில் நிற்கும் வண்டியின் ஸ்டியரிங்கை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பெங்களூரு ரோட்டையே பார்ப்பது போல
சுவரைப் பார்த்தார்.
நான் பைப்பில் தொங்கினேன்.
இன்னும் தொங்கினேன்.
டக்.
இருவரும் ஏதோ உடைந்துவிட்டதென்றே நினைத்தோம்.

புது சீல். விரலில் எண்ணெய் தொட்டுப் பூசி,
பழைய சாக்கெட்டை வைத்து மெல்லத் தட்டி உட்காரவைத்தேன்.
புது பெல்ட். மேலே துளைக்கு நேர் கோடு,
கீழே புள்ளிக்கு நேர் அம்பு,
டென்ஷனரை விட்டேன், இறுக்கினேன்.
கையால் இரண்டு முழுச் சுற்று.
கீழே சரி.
மேலே ஒரு பல் தள்ளி.

ஒரு பல்தானே என்றார் சீட்டிலிருந்து.
பதில் சொல்லவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னேன்,
அவர் காதில் விழுந்திருக்கும்.
மறுபடி கழற்றினேன்.
அதற்குள் மணி நாலரை,
அவர் வீட்டிலிருந்து ராகிக் களி வந்தது,
கிரீஸ் கையால் தொடாமல்
ஸ்பூனில் தின்றேன், அவர் சிரித்தார்.
இரண்டாம் தடவை இரண்டு சுற்று.
துளை, கோடு. புள்ளி, அம்பு.
சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு சுற்று.

சாவியை அவர் திருப்பவில்லை,
நான்தான் திருப்பினேன்.
ஒரு விநாடி வெறும் உறுமல்.
பிறகு ஒரே சீரான சத்தம்,
வானொலியில் பாட்டு முடிந்து
நிலையம் மட்டும் மிச்சமிருப்பது போல.

திங்கள் காலை அட்டையை இழுத்தேன்.
பிப்ரவரி பதினேழு: பூஜ்யம்.
டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன். பூஜ்யம்.
அட்டைக்கு ஒரு சாண் தள்ளி
தரையில் ஒன்று,
புதிது, பளபளவென்று.

முனிரத்தினம் குந்தினார்.
தொட்டார், முகர்ந்தார்,
தலையை நிமிர்த்திப் பார்த்தார்:
அவருடைய டிவிஎஸ் எக்ஸ்எல்
இரவெல்லாம் நிற்கும் இடம் அது.

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.
எனக்கு ஏழு இருபது பஸ்.
மிச்சப் பெட்டியில் ஒரு பக்கம் கிழித்து
பேனாவோடு நீட்டினேன்.
தேதி போடுங்க.