முந்நூற்றைம்பது ரூபாய்

கம்பமெட்டு ஏறும் ஜீப்பில்
பதினாலு பேர்.
எண்ணிக்கை குறையவில்லை.
ஒச்சம்மா செத்த மறுவாரம்
அவள் இடத்தில் ஒரு சாக்கும் தூக்குவாளியும்,
அதற்கடுத்த வாரம் ஒரு பெண்.

ஏழாவது வளைவில் வண்டி சாயும்போது
என் தோள் தானாக
இடதுபக்கம் சரிகிறது.
பதினோரு வருஷம் அங்கே ஒரு தோள் இருந்தது,
புகையிலை மணக்கும் தோள்.
இப்போது சோப்பு மணக்கிறது.

செக்போஸ்டில் டார்ச் அடித்து
முகங்களை எண்ணுகிறார் போலீஸ்காரர்.
அவருக்குக் கணக்கு சரி.

அவள் எனக்கு முந்நூற்றைம்பது தரவேண்டும்.
போன ஆடியில், மகன் பரீட்சைக்குக் கட்ட வாங்கினது.
"சனிக்கிழமை சம்பளத்துல கழிச்சுக்க" என்றாள்.
வியாழன் காய்ச்சல்.
வெள்ளி தேனி ஆஸ்பத்திரி.
சனிக்கிழமை
யாரும் சம்பளம் வாங்காமல் மலை இறங்கினோம்.

பதினாறாம் நாள் அந்தப் பையன்
நோட்டுகளை நாலாக மடித்து நீட்டினான்.
"அம்மா சொல்லியிருந்துச்சு."
என் கை பின்னால் போய்விட்டது.
நல்ல மனசு என்று நினைத்திருப்பான்.
அதெல்லாம் இல்லை.
அதையும் வாங்கிவிட்டால்
அவளுக்கும் எனக்கும் நடுவே
பாக்கி என்று
என்ன இருக்கும்?

ஏலக்காட்டில் நிமிர்ந்து பார்க்க ஒன்றுமில்லை.
தட்டை ஆளுயரத்துக்கு நிற்கும்,
பூவும் காயும் மண்ணில் கிடக்கும்.
குந்தி உட்கார்ந்து, சரத்தைத் தூக்கி
விரலால் கேட்கவேண்டும்.
பழம் பேசாமல் கழன்று வரும்.
கருங்காய் கொஞ்சம் யோசிக்கும்.
பிஞ்சு வராது.
கை இங்கே, நெஞ்சு வேறெங்கோ என்றால்
பிஞ்சும் வந்துவிடும்.
முதல் மாதம் நான் பறித்த பிஞ்சு
ஒரு படி இருக்கும்.
பாப்பச்சன் சார் கூடையைக் கவிழ்த்தார்,
பார்த்தார்,
அவரே திரும்ப அள்ளிப்போட்டார்.

புதுப் பெண் பெயர் சுக்மனி.
ஜார்க்கண்டாம்.
புருஷன் திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலை,
கம்பத்தில் ஒற்றை அறை.
தமிழில் அவளுக்கு நாலு வார்த்தை:
வா, போ, சோறு, இப்போ.
கடைசியை எதற்கும் வைத்துக்கொள்வாள்.
சாரல் விழுந்தால் இப்போ.
சங்கு ஊதினால் இப்போ.
நேற்றைக்கும் நாளைக்கும்
இன்னும் சொல் வந்து சேரவில்லை அவளிடம்.

இன்று என் குதிகாலில் அட்டை.
ஒச்சம்மா என்றால் புகையிலையைத் துப்பித் தள்ளிவிடுவாள்,
கூடவே என் கண்பார்வைக்கு ஒரு வசவு.
இவள் "இப்போ" என்று காட்டினாள்.
நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தாள்.
அட்டை கடித்தால் வலிக்காது.
ரத்தம்தான்
பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.
இலையை வைத்து அழுத்திக்கொண்டு
அடுத்த தூருக்கு நகர்ந்தேன்.

சாயங்காலம் எடைத் தராசருகே
ஒரு விரலைக் காட்டினாள்.
"நூறு. இப்போ."
ஐந்தாவது வார்த்தை.
சுருக்குப்பையில் நூற்றிருபது இருந்தது.
எப்போது தருவாய் என்று நான் கேட்கவில்லை,
கேட்டாலும் சொல்ல அவளுக்குத் தெரியாது.

இறங்கும்போது ஏழாவது வளைவில்
வண்டி மறுபக்கம் சாயும்.
இத்தனை வருஷம் இதைக் கவனித்ததில்லை.
சுக்மனியின் தோள்
என்மேல் வந்து விழுகிறது.
ஒல்லிப் பெண்தான்.
இவ்வளவு கனக்கிறது.